பூனையிடம் கற்றோம், கிளினிக்கில் மறந்தோம்

என் பக்கத்து நாற்காலிக்காரி ஸ்டெல்லாவுக்கு,

உனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவை இதுவரை எனக்கு வந்ததே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளினால் போதும், நீ காதைக் கொடுப்பாய். இப்போது அந்தப் பக்கம் தள்ளினால் அலமாரிதான் இடிக்கிறது.

இது பத்திரிகையில் வரும், நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் உன்னைப் பற்றிப் பேச வேண்டிய ஒரு நாளில் நான் பேசவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆபீஸ் சேதியைக் கேள்.

நம் மேலாளர் மேடம் ஊய் ஓய்வு பெற்றுவிட்டார். பிரிவு விருந்தில் எல்லாரையும் ஒரு வார்த்தை பாராட்டிவிட்டுக் கடைசியில் உன் பெயரைச் சொன்னார். சொன்னவர் தண்ணீர் குடிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் கிளாஸை வாயிலேயே வைத்திருந்தார். அவர் அழுவார் என்று நாம் எப்போதாவது நினைத்திருப்போமா?

உன் பதவியில் இப்போது நான் இருக்கிறேன். வேண்டாமென்றுதான் சொன்னேன். "வேற யாருக்குக் கொடுத்தாலும் உனக்கு வலிக்கும், நீயே எடுத்துக்கோ" என்றார் மேடம். சரியாகத்தான் சொன்னார், ஆனால் நான் எடுத்துக்கொண்டாலும் வலிக்கத்தான் செய்கிறது.

நம்மைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். ஜார்ஜ் டவுனில், பீச் ஸ்திரீட்டுக்குப் பக்கத்துச் சந்தில், கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. அங்கே பத்திரங்கள் தயார் செய்யும் பிரிவில் நாம் இரண்டு பேரும் அடுத்தடுத்த மேசை. நான் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து காலை பெர்ரி பிடித்து வருவேன். நீ பாயான் பாருவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாய். சனிக்கிழமை ஆனால் பைராம் தோட்டத்துக்கு, அம்மாவிடம்.

நீ மேசையில் இடித்துக்கொண்டால் மேசையிடம் "சாரி" சொல்லும் பெண். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, நானும் அப்படித்தான், வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். "தோட்டத்துல கணக்குப் பாக்குற கிராணி வந்தா ஓரமா ஒதுங்கி நிக்கணும்னு அம்மா சொல்லித்தான் வளத்துச்சு. இப்ப கிராணியும் இல்ல, ஒன்னும் இல்ல. ஆனா கால் தன்னால ஓரமா போவுதுக்கா" என்பாய்.

ஓரமாக என்றால் உண்மையிலேயே ஓரம். வாரக் கூட்டத்தில் நடுவில் பெரிய மேசை. அதைச் சுற்றி ஆளுக்கொரு நாற்காலி காலியாக இருந்தாலும் நாம் இரண்டு பேரும் சுவரோரம் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்குத்தான் போவோம். யாரும் நம்மைப் போகச் சொன்னதில்லை.

அந்தச் சுவரோரத்தில் இருந்துதான் அந்தக் கூட்டத்தையும் பார்த்தோம். பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் சரக்கு அந்த வாரக் கப்பலில் போய்விடும் என்று விற்பனைப் பிரிவு வாக்குக் கொடுக்கத் தயாராக இருந்தது. கப்பல் ஒரு வாரம் தள்ளிப் போய்விட்ட சேதி காலையில்தான் நம் இரண்டு பேருக்கும் வந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். யாரோ இருமினார்கள். மூடிக்கொண்டேன். நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். கூட்டம் முடிந்துவிட்டது.

அந்த வாடிக்கையாளர் பிறகு நம்மிடம் வரவேயில்லை. "இது யாருக்குமே தெரியாதா?" என்று மேடம் ஊய் கேட்டபோது நாம் இரண்டு பேரும் மடியில் இருந்த காகிதத்தைப் புரட்டினோம். பின்கட்டில் கோப்பி கலக்கும் இடத்தில் நீ கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "நமக்குத் தெரியும்லக்கா" என்று மட்டும் சொன்னாய்.

மேடம் திட்டவில்லை. ஆபீஸில் வாய் திறக்காதவர்களையெல்லாம் பொறுக்கி ஒரு பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். ஹோட்டல் மண்டபம், காதில் மைக் மாட்டிய பயிற்சியாளர். இடுப்பில் கை வைத்துக் காலை அகட்டி நிற்கச் சொன்னார். கண்ணாடியைப் பார்த்து "நான் சிங்கம்" என்று மூன்று மொழியில் கத்தச் சொன்னார். நீ "நான் சிங்கம்" என்று சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

அன்று மத்தியானம் பசியோடு சந்துக்குள் நடந்து, குவேதியாவ் நூடுல்ஸ் பிரட்டும் அந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரச் சீனத்து ஆன்ட்டி ஒற்றை ஆளாக நெருப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெரிய காடியில் வந்திறங்கிய ஒருவர், "இன்னும் எவ்வளவு நேரம்? அவசரம்!" என்று சத்தம் போட்டார். ஆன்ட்டி நிமிரவில்லை. கையில் இருந்த தட்டை முடித்து, முட்டை உடைத்துப் போட்டு, கிளறி, வாழை இலையில் கொட்டி, அதற்குப் பிறகுதான் அந்த ஆளைப் பார்த்தார். "துங்கு" என்றார் மலாயில். பொறு என்று. கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அந்த ஆள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இந்த ஆன்ட்டி எந்த ஹோட்டல்ல கோர்ஸ் எடுத்துச்சு?" என்றாய் நீ.

சிரித்து முடிக்க நேரமாயிற்று. ஆனால் அடுத்த நாளே சரக்கு ஏற்றிவிடும் ஒரு போர்வர்டிங் ஏஜெண்ட் போனில் உன்னிடம் பாய்ந்தபோது, நீ போனை மேசையில் வைத்துவிட்டு, தட்டச்சு செய்துகொண்டிருந்ததை முடித்தாய். பிறகு போனை எடுத்து, "கொஞ்சம் பொறுங்க சார், பாத்துட்டுச் சொல்றேன்" என்றாய். மன்னிப்புக் கேட்கவில்லை. போனை வைத்ததும் உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து நமக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. பயப்படாமல் இருக்கிற யாரையாவது கண்டுபிடிப்பது, அவர்களிடமிருந்து ஒன்றைத் திருடிக்கொள்வது. ஆபீஸில் இருக்கிற பெரியவர்கள் யாரும் அதில் இல்லை. அவர்களைப் பார்த்தால் நமக்குப் பயம்தானே வரும்?

பூனையைக் கண்டுபிடித்தது நான். ஆபீஸ் பின்சந்தில் ஜெனரல் மேனேஜர் காடி நிறுத்துகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று படுத்துக்கிடக்கும். அவர் ஹாரன் அடிப்பார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். அவரே இறங்கி வந்து, "ஆமோய், கொஞ்சம் நகரு லா" என்று, சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி கெஞ்சினால்தான் எழுந்து, முதுகை வளைத்து, சோம்பல் முறித்து, மெதுவாகப் போகும். நாம் இரண்டு பேரும் ஜன்னலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்போம்.

"அது யார்கிட்டயும் கேக்கல பாத்தியா? இங்க ஒக்காரலாமான்னு" என்றேன்.

அந்த வாரக் கூட்டத்துக்குப் போனபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பி, நின்று, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் பெரிய மேசைக்குப் போனாய். இரண்டு நாற்காலியை இழுத்தாய். உட்கார்ந்தோம். என்ன நடந்தது தெரியுமா என்று இதைப் படிப்பவர்களிடம் கேட்டால், ஏதோ பெரிதாக நடந்ததாக நினைப்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மேடம் ஊய் தலை நிமிராமலேயே மேசையிலிருந்த பிஸ்கட் தட்டை நம் பக்கம் தள்ளினார். இத்தனை காலம் அந்தத் தட்டு நமக்கு எட்டாமல் இருந்ததற்கு யாரைக் குறை சொல்வது?

என் மகள் யாழினியும் நம் குருமார்களில் ஒருத்தி. பாலர் பள்ளியில் இருந்தாள் அப்போது. யார் என்ன பேசினாலும் நடுவில் புகுந்து "அப்படின்னா என்ன?" என்பாள். வெட்கமே இல்லை. என் வீட்டுக்குத் தீபாவளிக்கு வந்திருந்த நீ, அவள் ஒரு மணி நேரத்தில் எல்லாரையும் குடைந்தெடுத்ததைப் பார்த்துவிட்டுப் போனாய். திங்கட்கிழமை கூட்டத்தில் விற்பனைப் பிரிவு தம்பி ஏதோ மூன்று எழுத்துச் சுருக்கத்தைச் சொல்லிப் பேசிக்கொண்டே போனான். நீ கையைத் தூக்கி, "அப்படின்னா என்ன?" என்றாய். அவன் விழித்தான். அவனுக்கும் தெரியவில்லை. சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். உன்னைப் பார்த்தல்ல, தங்களுக்கும் தெரியாது என்பதால்.

அப்புறம் அந்த மாமா. பட்டர்வொர்த்தில் என் உறவுக்காரக் கல்யாணத்துக்கு உன்னைக் கூட்டிப் போயிருந்தேன். மாமா மேடையேறி, சுருதி, தாளம் இரண்டும் சேராத குரலில், கண்ணை மூடிக்கொண்டு, முழுப் பாட்டையும் பாடி முடித்தார். மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கி வந்து நம் மேசையில் உட்கார்ந்து பிரியாணியைப் பிசைந்தார்.

"மாமா, பயமா இல்லையா?" என்று நீதான் கேட்டாய்.

"பயம் என்னத்துக்குமா? நான் நல்லாப் பாடுவேன்னு யாருகிட்ட சொன்னேன்? புள்ளைக்குக் கல்யாணம், சந்தோஷமா இருந்துச்சு, பாடுனேன்" என்றார்.

அதை நீ வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய். நான் நல்லாப் பேசுவேன்னு யாருகிட்ட சொன்னேன்? தெரியும், சொல்றேன், அவ்வளவுதானே? பஸ் நிறுத்தத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். அந்த இரவில் உன்னைப் பார்த்த யாரும் மேசையிடம் மன்னிப்புக் கேட்கும் பெண் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீ என்னைவிட வேகமாக முன்னேறினாய். அதில் எனக்குக் கொஞ்சமும் பொறாமை இல்லை, பெருமைதான். பிரிவுக்கு உதவி மேலாளர் பதவி வந்தபோது நானே உன்னைப் போட்டியிடச் சொன்னேன். நீயும் சரி என்றாய், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல்.

அந்த நாட்களில்தான் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஏதோ அழுத்துகிறது என்று சொல்ல ஆரம்பித்தாய். ஆபீஸ் மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாய். ஒருநாள் இடது தாடையைத் தேய்த்துக்கொண்டே, "பல்லு வலியான்னு தெரியலக்கா, இங்க இழுக்குது" என்றாய். கிளினிக்குக்குப் போ என்று விரட்டினேன். நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாங்கா, நீங்க பெர்ரிக்கு ஓடணும். யாழினி காத்திருக்கும்லா" என்றாய். நான் பெர்ரிக்கு ஓடினேன்.

மறுநாள் வந்து மாத்திரைப் பையை ஆட்டிக் காட்டினாய். "வயித்துல கேஸ்தானாம். டாக்டரு ஒரு நாள் எம்சி லீவு வேணுமான்னு கேட்டாரு, வேணாம்னுட்டேன்."

"தாடை வலியச் சொன்னியா?"

"சொல்ல வாயெடுத்தேங்கா. அதுக்குள்ள சீட்ட எழுதிக் கையில குடுத்துட்டாரு. வெளிய நெறைய பேரு ஒக்காந்திருந்தாங்க. அவரப் போயித் தொந்தரவு பண்ணிக்கிட்டு..."

"திரும்பப் போ ஸ்டெல்லா."

"இண்டர்வியூ முடியட்டும்கா."

இந்தப் பேச்சை நான் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்! ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நான் வேறு ஏதாவது சொல்கிறேன். உன் பையைப் பிடுங்கிக்கொண்டு உன்னை இழுத்துப் போகிறேன். மேடம் ஊய்யிடம் சொல்லிவிடுகிறேன். ஒரு முறைகூட நடந்தபடி, "சரி, முடிஞ்சதும் போ" என்று சொல்வதில்லை.

இண்டர்வியூவில் நீ எப்படிப் பேசினாய் என்று மேடமே என்னிடம் சொன்னார். ஜெனரல் மேனேஜர் கேட்ட ஒரு கேள்விக்கு நீ, "எனக்குத் தெரியாது சார், நாளைக்குப் பாத்துச் சொல்றேன்" என்றாயாம். அவர் அதைத்தான் மிகவும் விரும்பினாராம். வேலை உனக்குத்தான் என்று தெரிந்த அன்று நாம் ஆன்ட்டி கடைக்குப் போய், இறால் கூடுதலாகப் போடச் சொல்லிச் சாப்பிட்டோம். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கொறஞ்சிருக்குக்கா" என்றாய். உண்மையிலேயே குறைந்திருந்ததா? இல்லை, என் முகத்துக்காகச் சொன்னாயா?

உதவி மேலாளராக நீ இருந்தது சில வாரங்கள்தான். பாயான் பாரு பஸ் நிறுத்தத்தில், காலையில், வேலைக்குக் கிளம்பியவள் அப்படியே சரிந்துவிட்டாய் என்று போன் வந்தது.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். தோட்டத்திலிருந்து யாரோ மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்திருந்தார்கள், ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்திருந்தார். டாக்டர் அவரிடம், இதற்கு முன்னால் நெஞ்சுவலி வந்ததுண்டா, மூச்சு வாங்கியதுண்டா, கை, தாடை வலித்ததுண்டா என்று கேட்டார். "எங்கிட்ட ஒன்னும் சொல்லலைங்க ஐயா" என்றார் அம்மா. எனக்குத்தான் தெரியும். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்போது யாரும் இருமவில்லை, யாரும் எழுந்து போகவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"அப்பவே ஒரு ஈசிஜி எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த 'லாம்' இருக்கிறதே, அது இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. தெரிந்திருக்கலாம். கேட்டிருக்கலாம். கூடப் போயிருக்கலாம். அடுத்த பெர்ரியில் போயிருக்கலாம்.

ஒரு பூனையைப் பார்த்துக் கூட்டத்தின் பெரிய மேசைக்கு வந்து உட்காரக் கற்றுக்கொண்ட நமக்கு, அந்தக் கிளினிக் நாற்காலியில் இன்னும் ஒரு நிமிஷம் உட்கார ஏன் தோன்றவில்லை ஸ்டெல்லா? என் குழந்தையிடமிருந்து கேள்வி கேட்பதைத் திருடினோமே, அதை ஏன் ஆபீஸ் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனோம்? வேலைக்காகத் தைரியம் சேர்த்தோம். அந்தத் தைரியம் உயிருக்கும் வேண்டும் என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அடக்கப் பூசை உன் கோவிலில் நடந்தது. மேடமும் ஜெனரல் மேனேஜரும் வந்திருந்தார்கள். குவேதியாவ் ஆன்ட்டிகூட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்ததும் ஃபாதர், "ஸ்டெல்லாவின் நண்பர்கள் யாராவது ஒரு வார்த்தை பேசலாம்" என்றார். உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். எனக்குக் கால் எழவில்லை. நல்லாப் பேசுவேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லைதான், ஆனாலும் எழவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஃபாதர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

அன்று சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லறைக்கு முன் சொல்லாதது, கல்லறைக்குப் பின் எத்தனை பக்கம் எழுதினாலும் ஈடாகுமா, எனக்குத் தெரியவில்லை.

உன் பதவியில் உட்கார்ந்த முதல் மாதங்களில் நான் நன்றாகத்தான் வேலை பார்த்தேன் என்கிறார்கள். கூட்டத்தில் பேசினேன். முடியாததை முடியாது என்றேன். வீட்டுக்கு வந்தால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். பூனையைப் பற்றி யாழினி கேட்டாள். இப்போதெல்லாம் அது பின்சந்துக்கு வருவதில்லை, எங்கே போனதென்று காவல்காரருக்கும் தெரியவில்லை. அதைக்கூட அவளிடம் சொல்ல முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

போன மாதம் சேகர் நெஞ்சு எரிகிறது என்றார். உனக்குத் தெரியுமே, என் வீட்டுக்காரர் ஒரு தலைவலி மாத்திரைக்கே ஊரைக் கூட்டுகிறவர், ஆனால் கிளினிக் என்றால் காததூரம் ஓடுவார். "சாப்பாட்டுல சம்பால் காரம் கூடிப்போச்சு, அதான்" என்றார். நான் லீவு எடுத்தேன், கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன்.

டாக்டர் இளம் மலாய்ப் பெண். சேகர் சொன்னது அரை வாக்கியம். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதி, சீட்டைக் கிழித்து நீட்டி, அடுத்த நோயாளியைக் கூப்பிடும் பொத்தானுக்குக் கையைக் கொண்டு போனார். சேகர் எழுந்துவிட்டார். நான் எழவில்லை.

"டாக்டர், செகெஜாப்" என்றேன். கொஞ்சம் பொறுங்கள் என்று. மீதியையும் மலாயிலேயே சொன்னேன். "இவர் சொன்னது பாதிதான். மாடி ஏறினா நின்னு நின்னு ஏறுறாரு. ராத்திரி தூக்கத்துல வேர்க்குது. இவரோட அப்பா இதய நோயிலதான் போனாரு. இது நெஞ்சு சம்பந்தப்பட்டது இல்லன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?"

ஸ்டெல்லா, அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. பெருமூச்சு விடவில்லை. கையைப் பொத்தானிலிருந்து எடுத்தார். "ஓ, அப்படியா, உட்காருங்க" என்றார். அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்டார். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து மெஷினில் ஓடவிட்டுச் சோதனையும் செய்தார்கள். எல்லாம் முடிந்து முடிவைச் சொல்ல எங்களைக் கூப்பிட்டபோது, அதே டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், இதயம் நன்றாக இருக்கிறது, இது வெறும் வாயுதான் என்று.

வெறும் வாயு. நான் வாசலைத் தாண்டி, மருந்து கொடுக்கும் இடத்தைத் தாண்டி, காடி நிறுத்துமிடம் வரை நடந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

சேகர் பதறிப்போனார். "ஒன்னும் இல்லன்னா சந்தோஷந்தானே படணும்? ஏன் அழுவுற லா?"

அவருக்கு நான் என்ன சொல்வது? அது அவ்வளவு சுலபமாக இருந்தது என்பதற்காக அழுகிறேன் என்றா? டாக்டருக்கு நாம் சொல்லாதது தெரியவில்லை, அவ்வளவுதான், சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதற்காக அழுகிறேன் என்றா? நான் பேசியது ஒரு பாட்டின் பல்லவி அளவுகூட இல்லை. அன்று உன்னோடு வந்து இதையே பேசியிருந்தால், நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, கூடிப்போன சம்பாலைச் சொல்லிச் சேகரைக் கேலி செய்துகொண்டிருப்பாய்.

"எங்கூட வேல பாத்த ஸ்டெல்லாவ நெனச்சேன்" என்றேன். அவர் கம்பத்திலிருந்து என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, காடிக்குக் கூட்டிப் போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை பைராம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். உன் அம்மா மெலிந்திருக்கிறார். எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். பாதம் இரண்டும் மரத்துப் போகிறதாம். செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லையாம். செவ்வாய்க்கிழமை நிபோங் திபால் கிளினிக்கில் சர்க்கரைக்குச் சோதனை.

"இதையெல்லாம் டாக்டர்கிட்டச் சொன்னீங்களாம்மா?" என்றேன்.

"அவுங்க கேட்டா சொல்லுவேன் ஆயி. கேக்காதப்ப நான் ஏன் வாயத் தொறக்கணும்? பெரிய படிப்புப் படிச்சவங்க, அவுங்களுக்குத் தெரியாதா?"

நீ பேசின மாதிரியே இருந்தது. இல்லை, நீதான் அம்மா மாதிரிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாய்.

தேநீரை ஓரமாக வைத்தேன். "அம்மா, நான்தான் இப்ப டாக்டர்" என்று சொல்லி, சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். தலையைக் குனிந்து எதையோ எழுதுகிற மாதிரி நடித்தேன். "ம், எப்டி இருக்கீங்க? நல்லா இருக்கீங்களா? சரி, அதே மருந்து, போயிட்டு வாங்க" என்றேன்.

அம்மா எழுந்துவிட்டார். திரும்ப உட்கார வைத்தேன். மறுபடி அதே மாதிரி செய்தேன். மறுபடி எழுந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உன் அடக்கத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முந்தானையைச் சரி செய்தார். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, என்னை நேராகப் பார்த்தார்.

"டாக்டரு, நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்றார்.

செவ்வாய்க்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன் ஸ்டெல்லா. அம்மாவுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். அவருக்குப் பதிலாகப் பேச மாட்டேன். அவர் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்கவும் மாட்டேன். இந்தச் செவ்வாய் மட்டுமல்ல, அவருக்குச் சோதனை வரும் ஒவ்வொரு முறையும். எத்தனை பெர்ரி போனாலும் போகட்டும்.

அம்மாவுக்கு இன்னொரு மகளாக இருக்கப் பார்க்கும்,
உன் கலைவாணி அக்கா
பாகான் டாலாம்